பின்தங்கிய மாவட்டத்துக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலையைக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாவட்டத் தொழில் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், சிப்காட்டுக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகர்கள், "எங்க பக்கமும் ஒரு கம்பெனி வரணும்" என்று சென்னைக்கும் ஊருக்கும் அலைகிற உள்ளூர்க்காரர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் பக்கத்திலேயே மானியம், வரிச்சலுகை, மலிவு நிலம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வருகிற நிறுவனத்தின் மேசையில் ஏழெட்டு இடங்களின் பட்டியல் இருக்கும். அதில் எதையெல்லாம் அடித்துவிடலாம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பட்டாவில் வில்லங்கமா, அடி. மின்சாரம் வர இரண்டு வருஷமா, அதையும் அடி. இப்படிக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுகிற இரண்டு மூன்று இடங்களுக்கு நடுவில்தான் சலுகை பேச்சுக்கே வரும். கீழே உள்ள வரிசை அந்தக் கழித்தலை ஒட்டியது, ஆகவே மாற்றாமல் செய்யுங்கள்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்கிறேன். செய்யாறு, பெரம்பலூர், ஜெயங்கொண்டம், உளுந்தூர்பேட்டை, பனப்பாக்கம் என்று சென்னையின் பழைய தொழில் வளையத்துக்கு வெளியே தைவான் முதலீடு போய் உட்கார்ந்த ஊர்கள் நம் கண்முன்னே இருக்கின்றன.

## 0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உத்தேச இடத்தின் அ-பதிவேடு, புலப்படம், கடந்த 30 ஆண்டு வில்லங்கச் சான்று. அருகிலுள்ள துணை மின்நிலையத்தின் மின்தடைப் பதிவு, குறைந்தது ஒரு வருஷத்துக்கு. அந்தக் குறுவட்டம் நிலத்தடி நீர்க் கணக்கில் எந்த வகையில் இருக்கிறது என்ற விவரம். சுற்றுவட்டார ஐடிஐ, பாலிடெக்னிக், மேல்நிலைப் பள்ளிகளில் வருஷா வருஷம் எத்தனை பேர் முடித்து வெளியே வருகிறார்கள் என்ற எண்ணிக்கை. டவுன் பஸ் வழித்தட அட்டவணை.

இதெல்லாம் சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அலுப்பான வேலைதான். ஆனால் நிறுவனத்தின் தரப்பிலிருந்து வருகிற ஆலோசகர் ஒரு மின்னஞ்சலில் நாற்பது கேள்வி கேட்டு ஒரு வாரத்தில் பதில் வேண்டும் என்பார், அப்போது தேடத் தொடங்கினால் பட்டியலில் உங்கள் ஊர் இருக்காது.

இன்னொன்று, பதில் சொல்வதற்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். ஐந்து துறை, ஐந்து தொலைபேசி எண் என்று கொடுத்தால் ஐந்து விதமான பதில் போகும். மாநில அளவில் இந்த வேலைக்காகவே 1992 முதல் வழிகாட்டி நிறுவனம், அதாவது கைடன்ஸ் இருக்கிறது. அவர்களோடு பேசி, மாவட்டத் தரப்பில் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

## 1. எந்தத் தொழில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"அனைத்துத் தொழில்களுக்கும் ஏற்ற மாவட்டம்" என்று அட்டையில் அச்சடித்த கோப்புகளை எத்தனையோ பார்த்தாகிவிட்டது. அப்படி ஒரு மாவட்டம் உலகத்தில் எங்குமே கிடையாது. சிப் தொழிற்சாலை, மின்சார வாகனம், மருந்து, உணவு பதப்படுத்துதல் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டால், படிப்பவருக்கு இவர்களுக்கு எதைப் பற்றியும் தெரியாது என்பது மட்டும் புரியும்.

தொழிலைத் தேர்வு செய்ய ஒரு கேள்வி போதும்: அந்தத் தொழிலின் செலவில் பெரிய பங்கு எதற்குப் போகிறது? ஆள் கூலிக்கா, மின்சாரத்துக்கா, மூலப்பொருளுக்கா, சரக்குப் போக்குவரத்துக்கா? உங்கள் ஊரில் எது தாராளமாக இருக்கிறதோ அதை அதிகம் கேட்கிற தொழிலைப் பிடியுங்கள்.

விளையாட்டுக் காலணியைப் பாருங்கள். துணியும் செயற்கைப் பொருட்களும் வெட்டி, தைத்து, அடிப்பாகத்தோடு ஒட்டி, பெட்டியில் போடும் வேலை. இயந்திரம் எவ்வளவு வந்தாலும் தையல் பகுதியில் கை வேண்டும். தைவானின் காலணி உற்பத்தி நிறுவனமான பௌ சென் குழுமம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காக 2023 ஏப்ரலில் கையெழுத்திட்டபோது சொன்ன கணக்கு 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை. பனப்பாக்கத்தில் இன்னொரு தைவான் காலணி நிறுவனமான ஹாங் ஃபூவுக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது சொல்லப்பட்டது 1,500 கோடி, 25,000 பேர். முதலீட்டை வேலை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: ஒரு வேலைக்கு முறையே சுமார் பதினொன்றரை லட்சம், ஆறு லட்சம். இந்த அளவுக்கு ஆட்களைக் கேட்கிற தொழில் ஸ்ரீபெரும்புதூரில் நெருக்கியடித்துக்கொண்டு ஆள் பிடிப்பதைவிட உள்மாவட்டத்துக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. தோல் பதனிடுவது போலத் தண்ணீரும் கேட்காது, அந்தக் கழிவுப் பிரச்சினையும் கிடையாது.

கார் தொழிற்சாலைக்குக் கணக்கே வேறு. ஆந்திரத்தில் அப்போதைய அனந்தபூர் மாவட்டத்துப் பெனுகொண்டாவுக்கு அருகே கொரியக் கார் நிறுவனமான கியா வந்தது. நாட்டின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று அது. ஆனால் பெங்களூரு பக்கத்தில், கியாவின் தாய்க் குழுமமான ஹுண்டாய்க்கு உதிரிபாகம் கொடுக்கும் வலைப்பின்னல் ஸ்ரீபெரும்புதூரில், இரண்டையும் நெடுஞ்சாலை இணைக்கிறது. பின்தங்கிய இடமாகத் தெரிந்தாலும் அந்தத் தொழிலுக்கு அது ஒதுக்குப்புறம் இல்லை. உங்கள் ஊருக்கும் இப்படி எந்தத் தொழிலின் வரைபடத்தில் இடம் இருக்கிறது என்று தேடுங்கள், மாவட்ட வரைபடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

## 2. ஆள் கணக்கை பஸ் தூரத்தில் போடுங்கள்

நிலத்தைப் பார்க்கும் முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலம் சரியில்லையென்றால் பத்து கிலோமீட்டர் தள்ளிப் பார்க்கலாம், ஆள் இல்லாத இடத்தில் எந்த நிலமும் உதவாது.

புதியவர்கள் செய்யும் தவறு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை அப்படியே தூக்கிப் போடுவது. அதில் இருப்பவர்களில் பலர் அரசு வேலைக்காகக் காத்திருப்பவர்கள், சிலர் ஏற்கெனவே திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருப்பவர்கள், சிலர் பதிவைப் புதுப்பிப்பதோடு சரி. அந்த எண்ணை நம்பி ஒரு மனிதவள மேலாளர் ஆள் எடுக்க வந்தால் முதல் மாதமே முகம் சுளிப்பார்.

சரி, எப்படிக் கணக்குப் போடுவது? உத்தேச இடத்தை நடுவில் வைத்து, கம்பெனி பஸ் முக்கால் மணி நேரத்தில் போய்வரக்கூடிய கிராமங்களை வட்டமிடுங்கள். நேர்கோட்டுத் தூரத்தை விட்டுவிட்டு, காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சாலையில் உண்மையில் ஆகும் நேரத்தை எடுங்கள். அந்த வட்டத்தில் 18 முதல் 35 வயது வரையுள்ள பெண்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஊராட்சிவாரியாக எடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பிடம் கேட்டால் அங்கன்வாடிப் பதிவேட்டைவிட நல்ல தகவல் கிடைக்கும், ஏனென்றால் யார் வீட்டில் யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கும் முக்கியக் கூட்டுரோடுகளுக்கும் போய் நில்லுங்கள். ஏற்கெனவே எந்தெந்தக் கம்பெனி வண்டிகள் ஆள் ஏற்றுகின்றன, எத்தனை பேர் ஏறுகிறார்கள், வண்டி எங்கே போகிறது என்று எழுதுங்கள். ஏறுகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் கூலி எவ்வளவு, எதற்காக முந்தைய வேலையை விட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும். அறுவடைக் காலத்தில் வராதவர்கள் எத்தனை பேர், ஆடி மாதத் திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு போடுவார்கள் என்பதையும் கேளுங்கள். இதை மறைக்கத் தேவையில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் உற்பத்தித் திட்டத்தை அதற்கேற்பப் போட்டுக்கொள்வார்கள்.

"எங்கள் ஊரில் கூலி குறைவு" என்பதைத் தலைப்புச் செய்தியாக்காதீர்கள். எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவில் கூலி உலகத்திலேயே மிகக் குறைந்த அளவில் இருந்தது. ஆனால் அந்தக் கூலியில் நகரத்தில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாமல், கிராமத்திலிருந்து வந்த பெண்கள் சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். புதிய ஆளுக்குத் தையல் பழக்குவதற்குள் பழைய ஆள் போய்விட்டால் மலிவுக் கூலியால் என்ன பயன்? முதலீட்டாளர் கேட்பது, ஆள் எத்தனை மாதம் நிலைத்து நிற்பார் என்பதைத்தான். வீட்டிலிருந்தே வந்துபோகிற பெண்கள் என்றால் நிற்பார்கள், உள்மாவட்டத்தின் பலமே அதில்தான் இருக்கிறது.

வட்டத்துக்குள் ஆள் போதவில்லை என்றால் விடுதிக்கான இடத்தை இப்போதே குறித்துவையுங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அந்த அளவுக்கு உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் கேள்வி கட்டாயம் வரும்.

## 3. நிலம்: பரப்பளவைச் சொல்லாதீர்கள், நிலவரத்தைச் சொல்லுங்கள்

பாதி இடங்கள் அடிபடுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

"500 ஏக்கர் தயார்" என்று எழுதியிருப்பார்கள். புலப்படத்தை ஒட்டிச் சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு ஓடை போகும், ஒரு மூலையில் மேய்ச்சல் புறம்போக்கு, இன்னொரு பக்கம் கோயில் நிலம், குறுக்கே ஒரு உயரழுத்த மின்கம்பி. ஒரே துண்டாகக் கட்டடம் கட்டக்கூடியது 300 தேறினால் பெரிது. அந்த 300 ஏக்கரைத்தான் எழுத வேண்டும். ஓடையைக் காட்டாமல் விட்டுவிட்டால் நிறுவனம் எடுக்கும் டிரோன் படத்தில் அது தெரியும், அதோடு உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

சர்வே எண் வாரியாகப் பார்க்க வேண்டியவை இவை. பஞ்சமி நிலம் (ஆங்கிலேயர் காலத்தில் தலித் மக்களுக்கு ஒதுக்கிய நிலம்) உள்ளே இருக்கிறதா? அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமோ பூதான இயக்கத்துக்குத் தானமாக வந்த நிலமோ இருக்கிறதா? பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயரே இன்னும் இருக்கிறதா? கூட்டுப் பட்டாவா? நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் அந்தத் துண்டை வெளியே வைத்து எல்லையைத் திருத்துங்கள். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று உள்ளே வைத்தால் அந்தப் "பிறகு" வரவே வராது.

தனியார் நிலத்தைத் தரகர் மூலம் சேர்த்துக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே சிப்காட் கையில் உள்ள நிலம் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பாதுகாப்பானது. விலை காரணமில்லை, பெயரில் சந்தேகம் இருக்காது என்பதுதான் காரணம். புதிதாகக் கையகப்படுத்துவதென்றால் தொழில் நோக்கத்துக்காக நிலம் எடுப்பதற்கான மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும், அதற்கு ஆகும் காலத்தை உங்கள் அட்டவணையில் நேர்மையாகப் போடுங்கள்.

நஞ்சை நிலத்தில் கை வைப்பதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள். செய்யாறு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து விவசாயிகள் 2023இல் மாதக்கணக்கில் போராடியதும், அவர்களில் சிலர் மேல் குண்டர் சட்டம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியதும் எல்லோருக்கும் தெரியும். அதே செய்யாறில் பழைய சிப்காட் வளாகத்தில் தைவானின் ஃபெங் டே காலணி நிறுவனம் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஊர் தொழிற்சாலையை வெறுக்கவில்லை, விளைகிற நிலம் போவதைத்தான் எதிர்க்கிறது. இந்த வேறுபாடு புரியாமல் "வளர்ச்சிக்கு எதிரானவர்கள்" என்று பேசுகிற ஆளை உங்கள் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒடிசாவின் ஜகத்சிங்பூரில் தென்கொரியாவின் எஃகு நிறுவனமான போஸ்கோ 2005 ஜூனில் ஒப்பந்தம் போட்டது, சுமார் 52,000 கோடி ரூபாய், 4,004 ஏக்கர். நிலத்தில் பெரும்பகுதி ஆவணத்தில் அரசின் வனநிலம். ஆனால் அங்கே தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் இழுத்து 2017இல் நிறுவனம் கைகழுவிக்கொண்டது. நம் ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரிக்காக 1990களில் எடுத்த நிலமும் இழப்பீட்டு வழக்குகளிலேயே கிடந்து, கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. ஆவணத்தில் யார் பெயர் என்பதோடு, மண்ணில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் நேரில் போய்ப் பார்த்து எழுதிவிடுங்கள்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் கரிசல் அதிகம். மழையில் ஊதி வெயிலில் வெடிக்கிற மண்ணில் பெரிய கூடம் கட்ட அடித்தளச் செலவு ஏறும். மண் பரிசோதனை அறிக்கையை முதலிலேயே எடுத்து வைத்தால், செலவைப் பார்த்துப் பயப்படுகிற கட்டம் ஆரம்பத்திலேயே கடந்துவிடும். அடிக்கல் போட்ட பிறகு தெரிந்தால்தான் சண்டை.

## 4. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்

"24 மணி நேரமும் மின்சாரம்" என்ற வரியை யாரும் படிப்பதில்லை. எந்தத் துணை மின்நிலையம், எத்தனை கிலோவோல்ட், எவ்வளவு திறன் மீதமிருக்கிறது, இரண்டாவது பாதை உண்டா, போன வருஷம் எத்தனை முறை எவ்வளவு நேரம் நின்றது: இவ்வளவும் ஒரு அரைப் பக்கத்தில். தடை இருந்தால் இருந்தது என்றே எழுதுங்கள். ஜெனரேட்டர் எவ்வளவு பெரியதாக வாங்க வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட அந்த எண் வேண்டும்.

தண்ணீரில் புதியவர்கள் இயந்திரத்துக்கான தேவையை மட்டும் போடுகிறார்கள். காலணித் தொழிற்சாலைக்கு இயந்திரத்தைவிட மனிதருக்குத்தான் தண்ணீர் அதிகம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 45 லிட்டர் என்ற வழக்கமான அளவை வைத்தால் 15,000 பேருக்கு 6,75,000 லிட்டர். சமையல் கூடமும் விடுதியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே வரும் என்பதையும் மறக்காதீர்கள், சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் ஒதுக்காத வரைபடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் திரும்பி வந்துவிடும்.

ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்ற பதில் குறுவட்டம் பாதுகாப்பான வகையில் இருந்தால் மட்டுமே செல்லும். இல்லையென்றால் குழாயில் எங்கிருந்து கொண்டுவருவது என்பதற்குப் பதில் வேண்டும். கியாவுக்கு ஆந்திர அரசு வெறும் வாக்குறுதி கொடுத்து விடவில்லை, கொல்லப்பள்ளி நீர்த்தேக்கத்துக்குக் கிருஷ்ணா தண்ணீரைக் கொண்டுவந்து காட்டியது. வறண்ட மாவட்டத்துக்கு ஒரு கார் நிறுவனம் வரத் துணிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

## 5. துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரம்

கிலோமீட்டர் வேண்டாம், நேரம் கொடுங்கள். தொழிற்சாலை வாசலில் கன்டெய்னர் பூட்டியதிலிருந்து துறைமுக வாசலுக்குள் நுழையும் வரை. கைபேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கானது. நாற்பது அடி கன்டெய்னர் ஓட்டும் ஓட்டுநரிடம் கேளுங்கள், எந்தப் பாலத்தில் உயரக் கட்டுப்பாடு, எந்த நகரத்தில் பகலில் உள்ளே விட மாட்டார்கள், துறைமுக வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.

பெரம்பலூரும் உளுந்தூர்பேட்டையும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் மேலேயே இருப்பது தற்செயல் இல்லை. வியட்நாமின் மின்சாரக் கார் நிறுவனமான வின்ஃபாஸ்ட் தூத்துக்குடிக்குப் போனதற்கும் துறைமுகம் பக்கத்தில் இருந்தது முக்கியக் காரணம், காரை ஏற்றுமதி செய்யவும் உதிரிபாகத்தை இறக்கவும் அது வசதி.

விமான நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சரக்குக்காக இல்லை. தைவானிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ மேலாளர்களும் பயிற்சியாளர்களும் மாதம்தோறும் வந்துபோவார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருப்பது பெரம்பலூர், அரியலூர் கோப்புகளில் ஒரு நல்ல வரி.

## 6. இப்போது சலுகைகளைப் பேசலாம்

தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறது. சென்னையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஏ, பின்தங்கியவை சி. சி மாவட்டத்தில் நில விலையிலும் முதலீட்டு மானியத்திலும் சலுகை கூடுதல். காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் 2022இல் தனிக் கொள்கையும் வந்தது. உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்று அரசாணையைப் படித்து எழுதுங்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து எழுதாதீர்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, மானியம் முதலீடு செய்த பிறகு, உற்பத்தி தொடங்கிய பிறகு, பல வருஷத் தவணையாக வருவது. அதை முதல் நாள் கையில் கிடைக்கும் பணம் போலக் காட்டினால் அவர்களது நிதிப்பிரிவு சிரிக்கும். இரண்டு, காலாவதியான சலுகைகள். புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கான 15 சதவீத வருமான வரி விகிதம் 2024 மார்ச் 31க்குள் உற்பத்தி தொடங்கியவர்களுக்குத்தான், இன்னும் அது பல கோப்புகளில் தூசி தட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. மூன்று, அதிகாரம் இல்லாதவர் வாக்குக் கொடுப்பது. பெரிய முதலீட்டுக்கான தனித் தொகுப்பை முடிவு செய்வது மாநில அரசு. சங்கச் செயலாளரோ உள்ளூர்ப் பிரமுகரோ "அதெல்லாம் வாங்கிக் கொடுத்துடலாம்" என்று சொன்னது மின்னஞ்சலில் பதிவானால் பின்னால் பெரிய தலைவலி.

சலுகையைவிட அதிகம் இழுப்பது, அவர்களுக்கு இருக்கும் குறையை நீங்கள் முன்வந்து சரிசெய்வது. கோஸ்டாரிகா 1996இல் இன்டெலைக் கொண்டுவந்தபோது அது சின்ன நாடு, பெரிய நாடுகளோடு பணத்தில் போட்டி போட முடியாது. தொழில்நுட்பப் பணியாளர் போதாது என்று நிறுவனம் சொன்னதும், அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தோடு உட்கார்ந்து படிப்புகளையே மாற்றியமைத்தார்கள். உங்களால் செய்யக்கூடியது, பக்கத்து ஐடிஐயில் காலணித் தையலுக்கு ஒரு குறுகியகாலப் பயிற்சி. சின்ன விஷயம்தான், ஆனால் உற்பத்தி தொடங்கும் நாளில் பழகிய கை ஐநூறு இருந்தால் அவர்களுக்கு அது பெரிய விஷயம்.

## 7. பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான உற்பத்தித் தொழில்களில் நூறு சதவீத அந்நிய முதலீடு தானியங்கி வழியில் வரலாம், முன் அனுமதி வேண்டாம். ஆனால் இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு 2020 ஏப்ரலில் மத்திய அரசு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது, உண்மையான உரிமையாளர் அங்கே இருந்தாலும் இந்த விதி பொருந்தும். நிறுவனம் தைவானைச் சேர்ந்ததாக இருக்கும், பணம் சீனாவின் பகுதியான ஹாங்காங்கில் உள்ள துணை நிறுவனம் வழியாக வரும், அங்கே சிக்கும். விதி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கம்பெனிச் செயலர் ஒருவரிடம் கேட்டு, பங்கு அமைப்பை முதல் மாதமே பார்க்கச் சொல்லுங்கள். பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போக வேண்டும் என்பதையும் அவரே கவனித்துக்கொள்வார்.

## 8. கோப்பை எழுதுவது

பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாவட்டத்தின் சோழர் காலப் பெருமை, கோயில் கோபுரப் படம், புவிசார் குறியீடு பெற்ற பொருள், இவை சுற்றுலாத் துறைக்கு. முதல் பக்கத்தில் நிலம், ஆள், மின்சாரம், தண்ணீர், துறைமுக நேரம், தொடர்பு ஆள். மற்ற பக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம்.

குறைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் எந்த மாதத்துக்குள் சரிசெய்வார்கள் என்று எழுதுங்கள். இதைச் சொன்னால் உள்ளூர் ஆட்கள் பதறுவார்கள். ஆனால் குறையே இல்லாத கோப்பைத்தான் முதலீட்டாளர் சந்தேகப்படுகிறார்.

## 9. நேரில் பார்க்க வரும் நாள்

மேளதாளம், பொன்னாடை, இருபது கார் ஊர்வலம் எதுவும் வேண்டாம். வருவது இரண்டு மூன்று பேர், அவர்களுக்கு ஒரே நாளில் நிறையப் பார்க்க வேண்டும். சால்வை போடுவதற்கே ஒரு மணி நேரம் போனால் துணை மின்நிலையத்தைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார்கள்.

காலையில் நிலம், அடுத்து துணை மின்நிலையமும் தண்ணீர் வரும் இடமும், பிறகு ஐடிஐ. மதியத்துக்கு மேல், அந்தப் பகுதியில் ஏற்கெனவே இயங்கும் ஒரு தொழிற்சாலையின் மனிதவள மேலாளரோடு அவர்களைத் தனியாக உட்காரவையுங்கள். நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள். ஆள் வருகை எப்படி, உள்ளூர் ஆட்கள் ஒப்பந்தம் கேட்டு மிரட்டுகிறார்களா, மின்சாரம் எப்படி என்று எல்லாவற்றையும் அங்கேதான் கேட்பார்கள். அந்த மேலாளர் சொல்லும் ஒரு வார்த்தை உங்கள் பன்னிரண்டு பக்கத்துக்குச் சமம். அதனால், ஏற்கெனவே இருக்கும் தொழிற்சாலைகளின் குறைகளைத் தீர்க்காமல் புதிய ஒன்றைத் தேடிப் போவதில் பயன் இல்லை.

தெரியாத கேள்விக்கு "நோ பிராப்ளம் சார்" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். "இரண்டு நாளில் எழுத்தில் தருகிறோம்" என்று சொல்லி, இரண்டாம் நாள் மாலைக்குள் அனுப்புங்கள்.

## 10. கையெழுத்துக்குப் பிறகுதான் ஓட்டம்

புரிந்துணர்வு ஒப்பந்தம் விருப்பத்தைச் சொல்லும் காகிதம், அவ்வளவே. மேடையில் கையெழுத்தானதை முதலீடு வந்ததாக எண்ணி உட்கார்ந்துவிட்ட மாவட்டங்கள் உண்டு.

எப்போது நம்பலாம்? நிலத்துக்கான தொகையைச் சிப்காட்டில் கட்டும்போது, உயரழுத்த மின் இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டும்போது, மனிதவளப் பிரிவுக்கு உள்ளூர் ஆளை எடுக்கும்போது. இந்த மூன்றும் ஆறு மாதத்தில் நகரவில்லையென்றால் போய்க் கேளுங்கள், எங்கேயோ சிக்கியிருக்கிறது.

அனுமதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கக் கூடாது. நகர் ஊரமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவும் இசைவு, தீயணைப்பு, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதல், எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சேர்ந்தே விண்ணப்பம் போக வேண்டும், எல்லாவற்றிலும் ஒரே வரைபடம் இருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் நடுவில் ஒரு சுவரை நகர்த்தி, அது ஒரு துறைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் மற்ற மூன்றும் நின்றுவிடும். அற்பமாகத் தெரியும், ஆனால் தாமதத்துக்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

வேகம் சாத்தியம்தான். வின்ஃபாஸ்ட் 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டு 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆலையைத் திறந்தது. கியா 2017 ஏப்ரலில் கையெழுத்திட்டு 2019இல் கார் விற்றது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் அடிக்கல் போட்ட காலணிப் பூங்காவில் ஒரு வருஷத்தில் உற்பத்தி தொடங்கியது. நிலச் சிக்கல் முன்கூட்டியே தீர்ந்திருந்தால்தான் இந்த வேகம் வரும் என்பதைக் கவனியுங்கள்.

## 11. உற்பத்தி தொடங்கிய பிறகு

வந்த நிறுவனம் அடுத்த கட்ட முதலீட்டை எங்கே போடும் என்பது முதல் இரண்டு வருஷ அனுபவத்தில் முடிவாகும். தொழிலாளர்களைப் பார்த்துக்கொள்ளும் விதமும் அதில் சேர்த்தி. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தபோது ஆலையையே மூட வேண்டியதாயிற்று. விடுதியும் சமையலும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று நிறுவனம் தள்ளிவிட முடியாது, மாவட்ட நிர்வாகமும் முடியாது. முதல் மாதத்திலிருந்தே விடுதிகளை ஆய்வு செய்ய ஒரு நடைமுறை வேண்டும்.

ஒரே ஏற்றுமதிச் சந்தையை நம்பிய தொழிலென்றால் அந்தச் சந்தையின் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவையுங்கள். அமெரிக்கா வரியில்லா நுழைவுச் சலுகையை 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவுக்கு நிறுத்தியது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், ஹவாசாவின் முக்கிய முதலீட்டாளரான அமெரிக்க ஆடை நிறுவனம் பிவிஹெச் கிளம்புவதாக அறிவித்துவிட்டது. அதை ஒரு மாவட்டம் தடுக்க முடியாது. ஒரே நிறுவனத்துக்கு முழு வளாகத்தையும் கொடுக்காமல் இருக்க முடியும்.

உள்ளூர்க்காரர்களுக்கு நேரடி வேலைக்கு அப்பால் கிடைக்கக்கூடியது அட்டைப்பெட்டி, நூல், சீருடை, சமையல், பஸ் ஒப்பந்தம், இயந்திரப் பராமரிப்பு. இவை தானாகக் கிடைக்காது. எந்தத் தரத்தில் எவ்வளவு வேண்டும் என்று நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிடம் பட்டியல் வாங்கி, சிறுதொழில் சங்கத்தோடு உட்காரவையுங்கள். முதலில் அட்டைப்பெட்டியில் தொடங்குங்கள், அதிகம் வேண்டும், தூரத்திலிருந்து கொண்டுவரச் செலவும் அதிகம்.

கடைசியாக, விரிவாக்கத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலி விழுந்திருக்கும், யாரோ கொட்டகை போட்டிருப்பார்கள், பக்கத்துச் சாலையை ஒட்டி மனைப்பிரிவுக்கு அம்புக்குறிப் பலகை முளைத்திருக்கும். கொட்டகையாக இருக்கும்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.